அடுப்புக்கும் கைக்கும் ஒரு முழம்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. கெரேத்தரோவில் ஓட்டல் சமையலறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, விடுமுறை நாளிலும் வீட்டு அடுப்பின் முன்னால் நிற்கிறாய் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ கேட்டிருக்கும் கேள்வி இது: இறைச்சிக்கு என்ன மசாலா போட்டால் தெருக்கடை டாக்கோவின் ருசி வரும்? மூன்று விதமாக ஊறவைத்துப் பார்த்தாயாம். அறைத் தோழர்கள் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா தெருவுல சாப்பிடுற மாதிரி இல்லையே" என்றார்களாம்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் இறைச்சி. டாக்கோவை மடிக்கிற சோள ரொட்டியான டோர்ட்டியாவைப் பற்றி ஒரே ஒரு வரி: "பாக்கெட்டில் வாங்கினேன், மைக்ரோவேவில் சூடு பண்ணினேன்." உன் கேள்விக்குப் பதில் அந்த வரியில் இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தில் பாதி டோர்ட்டியாவைப் பற்றித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

மெக்சிகோ நகரத்தில் நார்வார்த்தே பகுதியில் ஒன்பது வருஷம் குடியிருந்தோம். டாக்கோவுக்குப் பேர்போன பேட்டை அது. பகலில் கார் பழுதுபார்க்கும் பட்டறையாகவும் இரவில் டாக்கோ கடையாகவும் இருக்கிற எல் வில்சீத்தோ அங்கேதான் இருக்கிறது. குடிபோன முதல் வருஷம், எட்டுப் பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். இரண்டு நாள் சமைத்தேன். நாற்பது டாக்கோ செய்து, பெரிய தட்டில் வரிசையாக அடுக்கி, கொத்தமல்லி தூவி, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இலை போட்டுப் பரிமாறுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். வேறு விதமாக யோசிக்கத் தெரியவில்லை. எல்லாரும் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்குள் மேலே இருந்தவை வறண்டு விறைத்துவிட்டன. அடியில் இருந்தவை சாறு ஊறிப் பிய்ந்தன.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. ஒன்றை எடுத்து மரியாதைக்குத் தின்றார். பிறகு தட்டோடு எழுந்து சமையலறைக்குள் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "எனக்கு இங்கேயே ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார். கல்லிலிருந்து எடுத்த டோர்ட்டியாவில் மிச்சமிருந்த இறைச்சியை வைத்துக் கொடுத்தேன். மூன்று வாயில் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பத்து நிமிஷத்தில் எட்டுப் பேரும் சமையலறையில் நின்றார்கள். மேசை காலியாகக் கிடந்தது.

தெருக்கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சமைக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவே ஒரு முழம்தான் தூரம். அந்த ஒரு முழத்தை நான் இருபது அடியாக்கி வைத்திருந்தேன்.

2024 மே மாதம், சான் ரஃபேல் பகுதியில் இருக்கிற எல் கலிஃபா தே லியோன் என்ற டாக்கோ கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்த செய்தியை நீ படித்திருப்பாய். 1968இல் தொடங்கிய கடை. கையளவு இடம். உட்கார நாற்காலி கிடையாது. அங்கே பேர்போனது கவோனேரா. ரொதோல்ஃபோ கவோனா என்ற காளைச்சண்டை வீரரின் பெயரால் வந்தது. மெல்லிசாக அரிந்த மாட்டிறைச்சி, உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான். நீ தேடுகிற மசாலா அதில் இல்லை. ஆனால் இறைச்சி வேகிற கல்லுக்குப் பக்கத்திலேயே மாவை உருட்டி, அழுத்தி, டோர்ட்டியா போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சூடான டோர்ட்டியாமேல் சூடான இறைச்சி விழுகிறது, அது உன் கையில் விழுகிறது. அந்தச் சிறிய கடையை நினைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

மாவிலிருந்து தொடங்குவோம். வெறும் மக்காச்சோளத்தை அரைத்த மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் சேராது, உதிரும். மாசா வேறு. உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைப்பது அது. ஊறிய சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். நாவாட்டல் மொழியில் சாம்பலைக் குறிக்கும் சொல் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. சுண்ணாம்பை ஸ்பானிய மொழியில் சொல்லும்போது நம் 'கல்' போலவே காதில் விழும். முதல்முறை கடையில் கேட்டபோது ஏனோ எனக்கு அது பிடித்துப்போயிற்று. வெற்றிலையில் தடவுகிற அதே சரக்குதான். சமையலுக்கென்று விற்கிற சுத்தமான தூளாகப் பார்த்து வாங்கு.

சுண்ணாம்பு சோளத்தின் தோலைக் கரைத்துப் பசையாக்குகிறது. மாவு சேர்ந்து நிற்பதும், டோர்ட்டியா மடித்தால் ஒடியாமல் இருப்பதும் அதனால்தான். டோர்ட்டியாவின் மணமும் அதிலிருந்து வருவதுதான். இன்னொரு வேலையும் செய்கிறது. சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் பூட்டிக் கிடக்கிற நியாசின் என்ற வைட்டமினை அவிழ்த்துவிடுகிறது. மக்காச்சோளம் கடல் கடந்து ஐரோப்பா போனபோது இந்தச் சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், வட இத்தாலி ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. 1735இல் காஸ்பர் கசால் என்ற ஸ்பானிய மருத்துவர் அதை விவரித்தார். உண்மைக் காரணம் பிடிபட ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. மெக்சிகோவில் அம்மியில் சோளம் அரைத்த பெண்களின் கைப்பழக்கத்துக்குள் அவ்வளவு பெரிய அறிவு இருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த அம்மிக்கு அங்கே மெத்தாத்தே என்று பெயர். மூன்று கால் வைத்த கல், குழவி போல உருளை. அதைப் பார்த்தால் உன் பாட்டி ஞாபகம் வரும்.

ஒரு கிலோ சோளம், 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். மெல்லிய கொதியில் வேகவிடு. அரை மணி நேரம் கழித்து ஒரு சோள மணியை எடுத்து விரலால் தேய்த்துப் பார். தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். கடித்தால் நடுவில் இன்னும் பச்சையாகக் கடினம் இருக்கவேண்டும். அந்த இடத்தில் அடுப்பை அணைத்து மூடி வை. சோளத்துக்குச் சோளம் நேரம் மாறும். கடிகாரத்தைவிட விரலை நம்பு. காலையில் மஞ்சளாகக் கலங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு முறை அலசு. தோல் முழுவதையும் தேய்த்துக் கழுவிவிடாதே, கொஞ்சம் இருந்தால்தான் மாவு இழுபடும்.

அரைப்பதுதான் கஷ்டம். ஆனால் நீ இருப்பது மெக்சிகோ. பழைய பேட்டைகளில் இன்னும் மொலீனோ இருக்கிறது. நம் மாவு மில்தான். வாளியில் நிக்ஸ்தமாலைக் கொண்டுபோனால் அரைத்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால் அன்றைக்கு அரைத்த மாசாவைக் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள். காலையிலேயே போ, மதியத்துக்குமேல் புளிக்கத் தொடங்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு வெட் கிரைண்டரில் அரைத்துப் பார்த்தேன். தண்ணீர் கூடுதலாக விடவேண்டியிருக்கிறது, பிறகு உலர் மாசா மாவைச் சேர்த்து இறுக்கவேண்டியிருக்கிறது. ஆனாலும் மணம் வந்துவிட்டது.

பாக்கெட் மாவு பாவமில்லை. 1949இல் செரால்வோ என்ற ஊரில் தொடங்கிய குருமா நிறுவனத்தின் மசேக்கா இன்றைக்கு மெக்சிகோவில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. நிக்ஸ்தமாலை அரைத்து உலர்த்திய மாவு அது. இரண்டு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீர். உப்பு வேண்டாம். பிசைந்து ஈரத்துணி போட்டு இருபது நிமிஷம் வை. கொழுக்கட்டை மாவின் பதம் உனக்குத் தெரியும், அதையே பிடி. ஒரு உருண்டையை உள்ளங்கையில் தட்டிப் பார். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது, கையில் ஒட்டினால் அதிகம். பத்தில் ஒன்பது பேர் மாவை வறட்சியாக விட்டுவிட்டுப் டோர்ட்டியா அழுத்தும் பிரஸ்ஸைக் குறை சொல்கிறார்கள்.

தெருக்கடை டோர்ட்டியா சிறிசு, விரித்தால் உள்ளங்கையளவு, 10 முதல் 12 சென்டிமீட்டர். அதற்கு 25 கிராம் உருண்டை போதும், சின்ன எலுமிச்சை அளவு. இரண்டு பிளாஸ்டிக் தாள் நடுவே வைத்து அழுத்து. ஒருமுறை பாதி அழுத்தி, தாளோடு திருப்பி, மறுபடி மெதுவாக அழுத்தினால் எல்லாப் பக்கமும் ஒரே கனம் வரும்.

கல்லுக்கு அங்கே கொமால் என்று பெயர். நம் இரும்புத் தோசைக்கல் தாராளமாக அந்த வேலையைச் செய்யும், எண்ணெய் மட்டும் தடவாதே. தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு ஓடவேண்டும். டோர்ட்டியாவைக் கல்லில் எறியாதே. ஒரு ஓரத்தைப் படவைத்து, கையைப் பின்னால் இழுத்து மிச்சத்தைப் படுக்கவை. பத்துப் பதினைந்து விநாடியில் ஓரம் நிறம் மாறிக் கல்லைவிட்டு எழும்பும். திருப்பு. இந்தப் பக்கம் முக்கால் நிமிஷம் வரை, பழுப்புப் புள்ளிகள் வரும்வரை. மறுபடி திருப்பு. இப்போது மாவும் கல்லும் சரியாக இருந்தால் பூரிபோல உப்பும். முதல் இரண்டு திருப்பலில் இரு பக்கமும் மெல்லிய தோல் கட்டிவிடுகிறது. உள்ளே மாட்டிய நீராவி வெளியே போக வழியில்லாமல் அதைத் தூக்குகிறது. விரல் நுனியால் லேசாக அழுத்திக் கொடுத்தால் தயங்குவதும் உப்பிவிடும். உப்பாதது கெட்டதல்ல, ஆனால் உப்பியது உள்ளே நன்றாக வெந்தது.

எடுத்ததும் துணியில் சுற்று. ஒன்றன்மேல் ஒன்றாக, பத்து நிமிஷம். சுட்டவுடன் விறைப்பாக இருப்பது தன் ஆவியிலேயே மெத்தென்று ஆகும். 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தே சாகூன் என்ற பாதிரியார் நாவா மக்களிடம் கேட்டுத் தொகுத்த ஃப்ளாரன்டைன் கோடெக்ஸில் சந்தையில் உணவு விற்பவர்களைப் பற்றிய பகுதி உண்டு. நல்ல டோர்ட்டியா விற்பவர் எப்படி, மோசமானவர் எப்படி என்று அதில் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கவலை அவ்வளவு பழையது.

இனித்தான் தெருவின் கைவேலை வருகிறது, கவனி. பெரும்பாலான டாக்கோ கடைகளில் டோர்ட்டியாவை அங்கேயே தட்டுவதில்லை. டோர்ட்டியா மில்லிலிருந்து வருவதைத்தான் சுடவைக்கிறார்கள். ஆனால் சுடவைப்பது இறைச்சியின் கொழுப்பு பளபளக்கிற கல்லில். டக்கேரோ, அதாவது டாக்கோ போடுகிறவர், ஒரு டோர்ட்டியாவை எடுத்துக் கொழுப்பில் ஒரு தேய்ப்பு, ஒரு திருப்பு, அப்படியே கையில் ஏந்தி இறைச்சியை வைக்கிறார். அந்த ஒரு தேய்ப்பில் டோர்ட்டியாவுக்கு இறைச்சியின் ருசி ஏறுகிறது. சாறு உடனே ஊறாமல் மேலே ஒரு மெழுகும் பூசிக்கொள்கிறது. நீ மைக்ரோவேவில் இழந்தது இதைத்தான். இரண்டு டோர்ட்டியா அடுக்கிக் கொடுப்பதும் காரணத்தோடுதான்: மெல்லியது ஒன்று கிழிந்தால் மற்றது தாங்கும், வழிந்து விழுந்ததை இரண்டாவதில் சேர்த்து இன்னொரு குட்டி டாக்கோவாக மடித்துக்கொள்ளலாம். நீயே கையால் தட்டியது கொஞ்சம் கனமாக இருந்தால் ஒன்று போதும்.

இப்போது இறைச்சி. அல் பஸ்தோர்தான் உன்னை மயக்கியது என்று எழுதியிருக்கிறாய். அதை வீட்டில் செய்யாதே. லெபனானிலிருந்து வந்து பூவெப்லாவில் குடியேறியவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஷவர்மாக் கம்பியை அங்கே நிறுத்தினார்கள். 'அராபிய டாக்கோ' அங்கே இன்றைக்கும் உண்டு. பிறகு தலைநகரத்தில் பன்றியிறைச்சி, வாஹீயோ மிளகாய், சிவப்பு நிறம் தரும் அச்சியோத்தே, உச்சியில் அன்னாசி என்று அது முழு மெக்சிகோக்காரனாக மாறிவிட்டது. கம்பிக்கு அங்கே ட்ரோம்போ என்று பெயர், பம்பரம். மேலே அகன்று கீழே குறுகி, நெருப்பின் முன்னால் சுழன்றுகொண்டே இருக்கும். வெளியே முறுகியதைச் சீவ, அடுத்த அடுக்கு நெருப்பைப் பார்க்கும். வாங்க வரிசையில் ஆள் நிற்பதால்தான் அந்தச் சுழற்சி சரியாக நடக்கிறது. வீட்டில் ஒரு கிலோ வைத்துச் செய்தால் இறைச்சி வறண்டுதான் போகும். அதை வெளியே போய்க் காசு கொடுத்துச் சாப்பிடு. சாப்பிடும்போது டக்கேரோவின் கத்தியைப் பார்.

வீட்டுக்கு ஏற்றது கர்னீத்தாஸ். மிச்சோவாகான் மாநிலத்தின் பெருமை அது. அங்கே பெரிய செம்புக் கொப்பரையில் பன்றியின் கொழுப்பிலேயே பன்றியை வேகவைப்பார்கள். உனக்கு அடிகனமான பாத்திரம் போதும். தோள்பகுதி இரண்டு கிலோ, கொழுப்போடும் கொஞ்சம் தோலோடும், முஷ்டியளவு துண்டுகள். மூழ்கும் அளவு பன்றிக்கொழுப்பு, உப்பு, பாதி ஆரஞ்சு. குமிழி மெதுவாக வரும் சூட்டில் இரண்டு மணி நேரம். கரண்டியால் அழுத்தினால் விட்டுக்கொடுக்கும்போது தீயைக் கூட்டி நிறம் ஏற்று. எடுத்ததும் தோலையும் சதையையும் சேர்த்துக் கொத்து. மெத்தென்றதும் முறுகலும் வழுவழுப்பும் ஒரே வாயில் வரவேண்டும். மாட்டிறைச்சி வேண்டுமானால் சுவதேரோ. வயிற்றுக்கும் காலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தசை அது. இதேபோல மெல்லிய சூட்டில் வேகவைத்து, பரிமாறும்போது மட்டும் சூடான கல்லில் முறுகவிட்டுக் கொத்து. மசாலா இரண்டிலும் கிட்டத்தட்டக் கிடையாது.

சைவத் தோழருக்கு நொப்பால் செய். நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிக்கு உறவு. முள் சீவிய மடலாகச் சந்தையில் கிடைக்கும். கீற்றாக அரிந்து சூடான கல்லில் அதன் கொழகொழப்பு வற்றும்வரை வதக்கி, வெங்காயம் சேர்.

சல்சாவில் ஒரு எச்சரிக்கை. டோர்ட்டியாவில் உப்பு இல்லை. ஆகவே தனியாக நக்கிப் பார்த்தால் சல்சாவில் உப்பு ஒரு சிட்டிகை கூடுதலாகத் தெரியவேண்டும். பச்சைச் சல்சாவுக்குத் தொமாத்தியோ, நம் சொடக்குத் தக்காளியின் பெரிய உறவு, அதே காகிதக் கூடு. அரைக் கிலோவை மூன்று செர்ரானோ மிளகாயோடு கொதிநீரில் போட்டு, பளிச்சென்ற பச்சை மங்கியதும் எடு, வெடிக்கும்வரை விடாதே. ஒரு பல் பூண்டு, கொத்தமல்லி, உப்பு சேர்த்து அரை. சிவப்புக்கு வாஹீயோ நிறத்தையும் பழவாசனையையும் கொடுக்கும், ஆர்போல் மிளகாய் காரத்தைக் கொடுக்கும். நம் குண்டு மிளகாய்க்குப் பழகிய கை எல்லா வற்றல் மிளகாயையும் காரம் என்ற ஒரே கணக்கில்தான் பார்க்கும். அந்தக் கணக்கை விட்டுவிடு. வறுக்கும்போது சில விநாடிதான். கருகிய ஒரு மிளகாய் முழுச் சல்சாவையும் கசக்க வைத்துவிடும். நான் இரண்டு கிண்ணம் சல்சாவைக் கொட்டியிருக்கிறேன், இரண்டும் அவசரத்தால்.

மேலே தூவுவது பொடியாக அரிந்த வெங்காயம், தண்டோடு நறுக்கிய கொத்தமல்லி, ஒரு பிழிவு எலுமிச்சை. "கொன் தோதோ?" என்று டக்கேரோ கேட்பது இதைத்தான், எல்லாம் போடட்டுமா என்று. இந்த மூன்றுமே ஸ்பானியர் வருகைக்குப் பிறகு மெக்சிகோவுக்குப் போனவை. அவர்கள் பிழியும் சின்ன எலுமிச்சையும் நாம் பிழிவதும் ஒரே இனம். மிளகாய் அங்கிருந்து எதிர்த்திசையில் வந்து, மிளகின் பெயரை வாங்கிக்கொண்டு நம் சமையலறையில் குடியேறியது.

சூட்டோடு கையில் கொடு என்று இவ்வளவு சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. த்லாஷ்கலா மாநிலத்தில் சான் விசென்தே ஷிலோஷோச்சிட்லா என்ற ஊர் கூடை டாக்கோவுக்குப் பேர்பெற்றது. உருளைக்கிழங்கு, பயறு, சிச்சரோன் என்ற பொரித்த பன்றித்தோல் வைத்து மடித்த டாக்கோக்களைத் துணியும் பிளாஸ்டிக்கும் விரித்த கூடையில் நெருக்கி அடுக்கி, சூடான கொழுப்பு ஊற்றி மூடி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்கள். வியர்த்து நெகிழ்ந்து போவதுதான் அதன் ருசி. அதுவும் நேரத்தை அறிந்த சமையல்தான். பயணத்துக்கு எடுத்துப்போக வேண்டுமானால் அதைச் செய். முறுகல் இறைச்சியை அந்தக் கூடையில் அடைத்துவிடாதே.

வரும் ஞாயிறு இப்படிச் செய். இறைச்சி, சல்சா, நறுக்கியது எல்லாம் தோழர்கள் வருவதற்கு முன் முடிந்திருக்கட்டும். மாவு ஈரத்துணிக்குள் இருக்கட்டும். மேசையை மறந்துவிடு. ஒருவர் உருட்டி அழுத்தட்டும், நீ கல்லில் நில், மற்றவர்கள் உன் முழங்கை தொடும் தூரத்தில் நிற்கட்டும். ஒருவருக்கு இரண்டுக்குமேல் ஒரே நேரத்தில் கொடுக்காதே. சாப்பிடுகிறவர் டாக்கோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்து, முழங்கையை வெளியே தள்ளி முன்னால் குனியவேண்டும், சட்டையில் சொட்டாது. நீ கடைசியில் சாப்பிடுவாய். எல்லா டக்கேரோவும் அப்படித்தான்.

ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன். நான் விட்டுவந்த மண் கொமால் பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான் இருக்கிறது. போனில் பேசிவிட்டேன், உனக்காக எடுத்து வைத்திருக்கிறார். லீவு கிடைத்ததும் தலைநகரத்துக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வா. திரும்பும்போது மேலே லக்கேஜில் வைக்காதே, மடியில் வைத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் சுண்ணாம்பை மோர்ப்பதத்தில் கரைத்து இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, மிகச் சிறிய தீயில் மெல்ல மெல்லச் சூடேற்று. வெள்ளை நன்றாக வறண்டதும் துணியால் துடைத்துவிடு; அதன்பிறகு மாவு ஒட்டாது. சூடாக இருக்கும்போது தண்ணீர் மட்டும் பட்டுவிடக்கூடாது. போகும்போது அந்த அம்மாவுக்கு ஒரு கிலோ நல்ல மாசா வாங்கிக்கொண்டு போ. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோரம் உனக்கும் ஓர் இடம் கொடுப்பார்.

அன்புடன்,
உன் அக்கா